டொர்னேடோ: அதிகம் வீசுவது எங்கே, அதிகம் கொல்வது எங்கே?

கரிசல்காரன்:
தம்பிக்கு அமெரிக்காவில், ஒக்லஹோமா மாநிலம் துல்சாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறான். இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர் குடும்ப வாட்ஸப் குழுவில் டொர்னேடோ (இடிமேகத்திலிருந்து தரை வரை இறங்கிச் சுழலும் காற்றுத்தூண்) வீடியோக்களாகக் கொட்டிவிட்டார். அம்மாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "அங்க போய்த்தான் சம்பாதிக்கணுமா?" என்று ஒரே பாட்டு.

உண்மையில் இது எவ்வளவு ஆபத்து? ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள்? உலகத்திலேயே அதிகம் அடி வாங்கும் இடம் ஒக்லஹோமாதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து இங்கேயும் வீடியோ போடாதீர்கள்.

ரேடார்மண்டை:
தம்பிக்கு வாழ்த்துகள். அம்மாவிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 டொர்னேடோ பதிவாகிறது. இறப்பவர்கள் சராசரியாக 70 பேர். அந்த நாட்டின் மக்கள் தொகை 33 கோடிக்கு மேல். இந்தியாவில் இடி மின்னல் தாக்கி மட்டும் ஆண்டுக்கு 2,500 பேருக்கு மேல் சாகிறார்கள். மழை வரும்போது வயலில் நிற்கும் மாமாவைப் பற்றி யாரும் குழுவில் வீடியோ போடுவதில்லை.

ஆனால் சராசரியை அப்படியே நம்பக் கூடாது. 2018இல் நாடு முழுவதும் 10 பேர்தான் இறந்தார்கள். 2011இல் 553 பேர். பல ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் கணக்கைத் தீர்த்துவிடும்.

எங்கே அதிகம் என்றால், எண்ணிக்கையில் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமுமான காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறும். ராக்கி மலைப் பக்கத்திலிருந்து வறண்ட காற்று அதன் தலைக்கு மேல் வந்து உட்காரும். அதற்கும் மேலே, மேற்கிலிருந்து கிழக்கே வேகமான மேலடுக்குக் காற்று. தரையில் ஒரு திசை, மேலே வேறொரு திசை, வேறொரு வேகம். இதனால் இடிமேகத்துக்குள் மேலே ஏறும் காற்று முழுவதும் திருகத் தொடங்கும். அப்படித் திருகும் மேகத்தை 'சூப்பர்செல்' என்பார்கள். கொடூரமான டொர்னேடோக்கள் அநேகமாக எல்லாமே அதிலிருந்துதான் இறங்குகின்றன. டெக்சாஸ், ஒக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா வரிசைக்கு 'டொர்னேடோ ஆலி' என்ற பெயர் இதனால் வந்தது.

ஆனால் ஒரே டொர்னேடோவில் அதிகம் பேர் செத்த இடம் அமெரிக்காவே இல்லை. வங்கதேசம்.

பூங்குழலி:
பரப்பளவோடு வகுத்தால் இங்கிலாந்து முன்னால் வரும் என்று எங்கோ படித்தேனே? நான் லெஸ்டரில்தான் இருக்கிறேன், இதுவரை ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

ரேடார்மண்டை:
அந்தக் கணக்கும் சரிதான் அக்கா. பிரிட்டனில் ஆண்டுக்கு 30 சொச்சம் பதிவாகும், நாடு சின்னது. ஆனால் அநேகமாக எல்லாம் ஓடு பறக்கிற ரகம், வேலி சாய்கிற ரகம். வந்த வேகத்தில் போய்விடும். வீட்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்குக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது என்றுதான் தோன்றும். வீசும் எண்ணிக்கையும் சாவு எண்ணிக்கையும் வேறு வேறு வரைபடங்கள். இந்த இழையில் பேச வேண்டியதே அதைத்தான் என்று நினைக்கிறேன்.

வங்கதேசத்துக்கு வருகிறேன். 1989 ஏப்ரல் 26, மானிக்கஞ்ச் மாவட்டம், தௌலத்பூர், சாட்டூரியா. மாதக்கணக்கில் மழையில்லாமல் காய்ந்து கிடந்த ஊர்கள். சாயங்காலம் ஒரு டொர்னேடோ இறங்கியது. சுமார் 1,300 பேர் பலி, ஏறத்தாழ 80,000 பேருக்கு வீடில்லை. உலக வானிலை அமைப்பு தன் சாதனைப் பட்டியலில் வைத்திருக்கும் உலகின் மிகக் கொடிய டொர்னேடோ இதுதான். அமெரிக்காவின் மோசமான பதிவு 1925 மார்ச் 18: மிசௌரி, இல்லினாய், இண்டியானா என்று மூன்று மாநிலங்களை ஒரே டொர்னேடோ மூன்றரை மணி நேரம், 350 கிலோமீட்டர் உழுதுகொண்டு போனது. 695 பேர். மானிக்கஞ்சின் கணக்கில் பாதி சொச்சம்தான்.

இதில் இன்னொன்று. அதே மானிக்கஞ்ச் மாவட்டத்தில் 1973 ஏப்ரலிலும் ஒன்று வந்து 600 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். 1969 ஏப்ரலில் டாக்காவை ஒட்டிய பகுதியில் 600க்கு மேல். 1996 மே 13, டாங்காயில் பக்கம் சுமார் 700. அமெரிக்காவில் வருவதில் ஒரு சிறு பங்குதான் அங்கே வருகிறது. வந்தால் இப்படி.

போல்ட்நட்டு:
சிவில் இன்ஜினியர் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். காற்றின் வேகத்தை விட்டுவிட்டு ஊர் பெயர்களையே சொல்லிக்கொண்டு போகிறீர்கள். அமெரிக்காவின் பழைய கணக்கு ஒன்று எல்லோரும் சொல்வது: மொத்த டொர்னேடோவில் 2 சதவீதம்தான் மிகக் கடுமையான ரகம், ஆனால் 70 சதவீதச் சாவுகள் அதில்தான். அப்படியென்றால் கொல்வது பலம்தானே? டொர்னேடோவின் பலத்தை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கும் புஜிட்டா அளவுகோலில் மேல்படியில் இருப்பது வந்தால் எந்த வீடும் நிற்காது. 2007இலிருந்து புழக்கத்தில் இருக்கும் திருத்திய அளவுகோலில் இஎஃப்5 என்றால் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊர்க் கடலோரத்தைப் பிய்த்துப்போட்ட கஜா புயல்கூட இதில் பாதி வேகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ரேடார்மண்டை:
கனடாவில் மனிடோபா மாநிலம், எலி என்ற சிற்றூர், 2007 ஜூன் 22. எஃப்5, அதாவது பழைய புஜிட்டா அளவுகோலின் உச்சப்படி. ஒரு வீட்டை அப்படியே அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்துத் தூக்கிச் சுழற்றியது. இறந்தவர்கள் யாரும் இல்லை.

பலம் இருந்தால்தான் கொல்ல முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பலம் யார் தலையில், எந்த நேரத்தில், எந்த மாதிரி வீட்டில் விழுகிறது என்பதுதான் மிச்சக் கதை. தவிர இஎஃப் எண் காற்றை நேரே அளந்து தருவதில்லை, உங்களுக்கே தெரியும். இடிந்த வீட்டைப் பார்த்துத் திருப்பி ஊகிக்கிறார்கள். வெட்ட வெளியில் போனதற்கு மதிப்பெண் குறைந்துவிடும்.

திருப்பூர்_டு_காஜிப்பூர்:
வழக்கமாகப் படித்துவிட்டுப் போகிறவன், இன்று எழுதத் தோன்றியது. நான் சில வருடங்கள் டாக்காவுக்குப் பக்கத்தில் காஜிப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். திருப்பூரிலிருந்து நிறைய பேர் அப்படிப் போயிருக்கிறோம். எங்கள் ஃபினிஷிங் பிரிவில் டாங்காயில் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். அயர்ன் மேஜையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்வார். வலது தோளிலிருந்து முதுகு பாதி வரைக்கும் ஒரு தழும்பு. கோணல்மாணலாக இல்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். 96ஆம் வருஷத்துக் காற்று என்றார். கிழித்தது கூரைத் தகரம்.

அங்கே கிராமத்து வீடு எப்படி என்றால், மூங்கில் அல்லது மரக்கால் நட்டு, கூரைக்கு நெளித்தகரம், வசதி இருந்தால் சுவருக்கும் தகரம். ஓலையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டால் அந்தக் குடும்பம் கொஞ்சம் முன்னேறிவிட்டது என்று அர்த்தம். சௌதியிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் புதுத் தகரம் வெயிலில் மின்னும். அதை நாலு ஆணியில்தான் பிடித்து வைத்திருப்பார்கள். பெரிய காற்று வந்தால் அது கத்தி. ஒரு வீட்டுத் தகரம் பக்கத்து வீட்டுக்காரரை வெட்டும்.

இன்னொரு சங்கடமும் சொன்னார். சித்திரை, வைகாசி வந்தால் அங்கே மத்தியானத்துக்கு மேல் வடமேற்கே கறுத்துக்கொண்டு வந்து அடிக்கும். 'கால்பைசாகி' என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் பலமுறை வரும். மாங்காய் விழும், குழந்தைகள் பொறுக்க ஓடும், பெரியவர்கள் ஆடு மாட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான் சாத்திக்கொண்டோம் என்றார். மேகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லையாம்.

பூங்குழலி:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி.

டல்லாஸ்_அக்கா:
நான் வடக்கு டெக்சாஸில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். கரிசல்காரன் தம்பி, அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: துல்சா வட்டாரத்தில் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள், ஆபீஸ் போகிறார்கள், கல்யாணம் பண்ணுகிறார்கள், கோடையில் ஏசி பில்லைப் பார்த்து அழுகிறார்கள்.

நடைமுறை இதுதான். 'வாட்ச்' என்றால் இன்றைக்கு வர வாய்ப்பிருக்கிறது, காதைத் தீட்டி வைத்துக்கொள். 'வார்னிங்' என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், இந்த நிமிஷம் ஒளிந்துகொள். போன் ஒரு விகாரமான சத்தம் போடும், ஊர் சைரனும் ஊதும். எங்கள் பக்கம் மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் சோதனைக்கு ஊதுவார்கள். புதிதாக வந்தவர்கள் அன்றைக்கு அலறிக்கொண்டு எனக்கு போன் பண்ணுவார்கள்.

இங்கே பெரும்பாலும் நிலவறை கிடையாது. களிமண் பூமி, காங்கிரீட் பலகை போட்டு அதன் மேலேயே வீடு. அதனால் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத, நடு வீட்டுச் சின்ன அறைதான் கதி. எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோர். அரிசி மூட்டை, சூட்கேஸ், பொங்கல் பானை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நாலு பேரும் மடங்கி உட்காருவோம். பிள்ளைகளுக்கு சைக்கிள் ஹெல்மெட். எல்லோர் காலிலும் ஷூ, இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். வீடு போய்விட்டால் அப்புறம் நடக்கப்போவது கண்ணாடித் துண்டும் ஆணியும் நிறைந்த தரையில்.

காரில் மட்டும் இருக்கக் கூடாது. 2015 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி, கார்லண்ட், ரௌலெட் பக்கம் வந்ததில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் நெடுஞ்சாலையில் காருக்குள் இருந்தவர்கள். அந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் நாங்கள் கோயிலுக்கே போவோம். பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதும் ஆகாது. காற்று அந்தச் சந்துக்குள் இன்னும் வேகம் எடுக்கும். 1999இல் ஒக்லஹோமாவில் அப்படி ஒதுங்கி மூன்று பேர் செத்திருக்கிறார்கள்.

கரிசல்காரன்:
ரொம்ப நன்றி அக்கா. டிசம்பரில்கூடவா? சீசன் என்று ஒன்று கிடையாதா?

ஹன்ட்ஸ்வில்_வாசு:
சீசன் உண்டு. சமவெளியில் ஏப்ரல், மே, ஜூன். ஆனால் நான் இருக்கும் அலபாமா மாதிரித் தெற்கு மாநிலங்களில் நவம்பர், டிசம்பரிலும் வரும். பிப்ரவரி, மார்ச்சிலும் வரும். மிசிசிப்பி, அலபாமா, டென்னசி, ஆர்கன்சா வட்டாரத்தை 'டிக்ஸி ஆலி' என்பார்கள். படத்தில் பார்ப்பது கான்சாஸ் கோதுமை வயல், சாவது இந்தப் பக்கம்.

இங்கே குன்றும் பைன் காடும். பத்து மைல் தூரத்தில் வருவதைக் கான்சாஸ்காரன் திண்ணையில் நின்று பார்த்துவிடுவான், எங்களுக்கு மரம் முறியும் சத்தம் கேட்கும்போதுதான் தெரியும். பல சமயம் மழைக்குள் மறைந்து வரும். குளிர்காலத்தில் மேலடுக்குக் காற்று வேகம் அதிகம், அதனால் நகரும் வேகமும் அதிகம். அதோடு இரவு. வாக்கர் ஆஷ்லி என்ற ஆராய்ச்சியாளர் குழு 2008இல் கணக்குப் போட்டது: இரவில் வரும் டொர்னேடோ ஆளைக் கொல்லும் வாய்ப்பு, பகலில் வருவதைவிட இரண்டரை மடங்கு. தூங்குகிறவனுக்குச் சைரன் கேட்காது. சைரனே வெளியில் இருப்பவர்களுக்காக வைத்ததுதான், ஏசி ஓடும் படுக்கையறைக்காக இல்லை.

அப்புறம் மொபைல் ஹோம். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீடு. அஸ்திவாரம் என்று ஒன்றும் இருக்காது, பட்டை போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். நாட்டில் மொத்த வீடுகளில் சிறு பங்கு. ஆனால் வீட்டுக்குள் இருந்து டொர்னேடோவில் செத்தவர்களில் பாதிக்கு மேல் இதில் குடியிருந்தவர்கள். தெற்கில் இவை ஊருக்கு வெளியே தோப்புக்குள், ரோட்டோரத்தில் சிதறிக் கிடக்கும். வாடகை குறைவு, வேறு வழி இல்லை. திருப்பூர் நண்பர் சொன்ன தகர வீட்டுக்கு அமெரிக்க உறவு என்று சொல்லலாம்.

2011 ஏப்ரல் 27 பற்றிச் சொல்லாமல் முடியாது. அன்று அதிகாலையிலேயே ஒரு இடிமழை வரிசை வந்து பல ஊர்களில் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் போனது. டிவி இல்லை, செல்போன் கோபுரங்கள் பல இல்லை. "வந்துட்டுப் போயிடுச்சுப்பா" என்று ஜனங்கள் மூச்சு விட்டார்கள். பெரியவை எல்லாம் மத்தியானத்துக்கு மேல் வந்தன. ஹேக்கல்பர்க், பில் கேம்பல் வழியாகப் போன ஒன்று மட்டும் 72 பேரைக் கொன்றது. அந்த ஒரு நாளில் 300 பேருக்கு மேல். மின்கோபுரங்கள் சாய்ந்து பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம் நின்றுபோனது. எங்கள் ஊரே ஒரு வாரம் வரைக்கும் இருட்டில் கிடந்தது. அன்றிலிருந்து பேட்டரி போட்ட வானிலை ரேடியோ இல்லாமல் நான் தூங்குவதில்லை. முப்பது டாலர் சொச்சம்தான்.

போல்ட்நட்டு:
மொபைல் ஹோம் சரி. ஜாப்ளின் என்ன சொல்கிறீர்கள்? 2011 மே 22, மிசௌரி. மாலை வெளிச்சம் இருந்தது, பதினைந்து நிமிடத்துக்கு மேல் முன்னெச்சரிக்கை இருந்தது, ரேடார் இருந்தது, ஒழுங்கான வீடுகள் இருந்த ஊர். 158 பேர். 1950க்குப் பிறகு அமெரிக்காவில் ஒரே டொர்னேடோவில் இவ்வளவு பேர் செத்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியே பயன்படாமல் போய்விட்டது. பலம் என்று நான் சொன்னதைத்தான் இது காட்டுகிறது.

ஹன்ட்ஸ்வில்_வாசு:
அங்கே சைரன் ஊதினார்கள். ஆனால் அடிக்கடி ஊதி ஒன்றும் நடக்காத ஊர். வானிலைத் துறை பின்னால் போய் விசாரித்தபோது, பெரும்பாலானவர்கள் முதல் சைரனுக்கு நகரவில்லை என்று தெரிந்தது. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தவர்கள், டிவியைத் திருப்பியவர்கள், இரண்டாவது சைரனுக்குக் காத்திருந்தவர்கள். நிலவறை உள்ள வீடு குறைவு. பெரிய பெட்டி மாதிரிக் கட்டிய சூப்பர் ஸ்டோர்கள் கூரை போனதும் சுவர் விழுந்துவிட்டன.

போல்ட்நட்டு:
சுவர் விஷயத்துக்கு வந்தீர்கள், அது என் ஏரியா. சாதாரண அமெரிக்க வீடு மரச்சட்டம். முதலில் போவது கராஜ் கதவு. அகலமாக, மெலிசாக இருக்கும், உள்ளே மடங்கிவிடும். காற்று உள்ளே புகுந்து கீழிருந்து கூரையைத் தள்ளும், மேலே போகும் காற்று கூரையை உறிஞ்சும். சட்டத்தையும் சுவரையும் சேர்ப்பது சாய்த்து அடித்த சில ஆணிகள். கூரை கழன்றால் சுவருக்குப் பிடிமானம் போச்சு, சீட்டுக்கட்டு. ஆணிக்குப் பதில் சில ரூபாய் பெறும் இரும்புக் கிளிப்பும், சுவரை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் போல்ட்டும் போட்டிருந்தால் நடுத்தர டொர்னேடோவில் வீடு நிற்கும். ஒக்லஹோமாவின் மூர் நகரம் 1999இலும் 2013இலும் அடி வாங்கி, 2014இல் கட்டட விதியையே மாற்றியது: புது வீடுகள் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும். 2013இல் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் 7 குழந்தைகள் செத்தார்கள். அந்தச் சுவர்களைப் பற்றிய அறிக்கைகளைப் படித்தால் எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு வயிறு எரியும்.

இஎஃப்5 வந்தால் இந்தக் கிளிப்பும் நிற்காது, அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தப் பாதையின் ஓரத்தில் இருக்கும் வீடுகளுக்கு அடிப்பது இஎஃப்1, 2 வேகம்தான். அங்கே கிளிப் உயிர் காக்கும்.

மட்டுநகரான்:
இலங்கைச் செய்தியில அடிக்கடி 'மினி சூறாவளி' எண்டு வருதே, அதுவும் இதுவா? எங்கட பக்கம், தமிழ்நாட்டுப் பக்கம் இந்த மாதிரி வருமா?

ரேடார்மண்டை:
பெரும்பாலும் இல்லை. இடிமேகத்திலிருந்து கீழே கொட்டும் காற்று தரையில் மோதிப் பரவுவதையும் செய்தியில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நம் அட்சரேகையில் வெப்பமும் ஈரமும் தாராளம். ஆனால் அந்த மேலடுக்கு மேற்குக் காற்று இடிமழைக் காலத்தில் நம் தலைக்கு மேல் பலமாக இருப்பதில்லை, அதனால் மேகம் திருகுவதில்லை. கடலில் மெல்லிசாக நீர்த்தூண் இறங்குவது உண்டு, பொதுவாகக் கரை ஏறியதும் கலைந்துவிடும்.

கிழக்கு இந்தியாவில் நிஜமாகவே உண்டு. 1998 மார்ச் 24 மேற்கு வங்கம், ஒடிசா எல்லையில் தாந்தன் பக்கம் சுமார் 160 பேர். டெல்லியில்கூட 1978 மார்ச் 17 அன்று பல்கலைக்கழகப் பகுதியில் ஒன்று வந்து 28 பேர் இறந்தார்கள். கிழக்குப் பக்கத்தில் வருவதற்கு வங்கதேசத்தின் அதே சமையல்தான்: வங்கக் கடல் ஈரம், சோட்டா நாக்பூர் பக்கத்து வறண்ட காற்று, மேலே இன்னும் வடக்கே விலகாத மேற்குக் காற்று. பருவமழை வந்து அந்த மேல்காற்று விலகியதும் சீசன் முடிந்தது.

கரிசல்காரன்:
அம்மாவுக்கு அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஷூ விஷயத்தை மட்டும் தம்பியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். வீடு பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டல்லாஸ்_அக்கா:
அபார்ட்மென்ட் என்றால் தரைத்தளம், உள்பக்கம் குளியலறை உள்ளது. மேல்மாடிதான் கிடைத்தது என்றால் வார்னிங் வந்தால் எங்கே இறங்குவது என்று மேனேஜரிடம் முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். தனி வீடு என்றால் ஒக்லஹோமாவில் நிறைய பேர் கராஜ் தரையில் இரும்புப் பெட்டி மாதிரி ஷெல்டர் பதித்திருப்பார்கள், விளம்பரத்திலேயே போட்டிருக்கும். போனில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைக்கக் கூடாது, நம் பையன்கள் தூக்கம் கெடுகிறது என்று அணைத்துவிடுவார்கள்.

சைரனை மட்டும் நம்ப வேண்டாம். துல்சாவிலேயே 2017 ஆகஸ்ட் 6, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் ஒரு இஎஃப்2 வந்தது. சைரன் ஊதவே இல்லை. 30 பேர் வரை காயம், உயிர்ச்சேதம் இல்லை.

ஹன்ட்ஸ்வில்_வாசு:
தம்பி போவது ஒரு வகையில் நல்ல மாநிலம் என்பேன். முதல் டொர்னேடோ முன்னறிவிப்பே அங்கேதான் பலித்தது. 1948 மார்ச் 20, டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஒன்று அடித்தது. தளத்தின் வானிலை அதிகாரிகள் ஃபாபுஷும் மில்லரும் அதற்குப் பிறகு வரைபடங்களை நோண்டி, 25ஆம் தேதி அதே மாதிரி அமைப்பைப் பார்த்து எச்சரித்தார்கள். அன்று மாலையே வந்தது. இன்று நாடு முழுவதற்கும் கடும்புயல் கணிப்பு வெளியிடும் மையம் ஒக்லஹோமாவின் நார்மனில் இருக்கிறது. உள்ளூர் டிவிக்காரர்கள் ஹெலிகாப்டரில் துரத்தித் தெருப் பெயர் சொல்லிச் சொல்வார்கள்.

திருப்பூர்_டு_காஜிப்பூர்:
கடைசியாக ஒரு கேள்வி. வங்கதேசம் புயல் சாவைக் குறைத்துவிட்டது என்று பாராட்டுகிறார்களே. 1970இல் 3 லட்சத்துக்கு மேல், 1991இல் 1,38,000, 2020 அம்பன் புயலில் இரண்டு இலக்கம். அந்த மாதிரி டொர்னேடோவுக்கும் செய்ய முடியாதா?

ரேடார்மண்டை:
அங்கே புயலை வென்ற விதமே வேறு. மூன்று நாள் முன்னால் தெரியும், 70,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் மெகாபோன், கொடியோடு வீடு வீடாகப் போவார்கள், ஜனங்கள் கடலோரக் காங்கிரீட் ஷெல்டருக்கு நடந்து போய்ச் சேர நேரம் இருக்கும். டொர்னேடோவுக்கு நல்ல ரேடார் உள்ள அமெரிக்காவிலேயே முன்னெச்சரிக்கை நேரம் சராசரியாகச் சுமார் பத்து நிமிடம்தான். அதில் மெகாபோன்காரர் தெருமுனை தாண்ட மாட்டார். "இன்று மாலை ஆபத்து" என்று காலையில் பகுதி அளவில் சொல்லலாம், வளிமண்டலத்தின் அமைப்பிலிருந்து அது முடியும். எச்சரிக்கை செல்போனில் போகலாம், இப்போது கிராமம் வரை போன் இருக்கிறது. ஆனால் செய்தி வந்ததும் ஓட ஒரு இடம் வேண்டும். ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் ஒரு கெட்டியான அறை, பள்ளிக்கூடத்தில் ஒன்று, மசூதியில் ஒன்று. ஊரில் கல்கட்டடமே அவைதான் இருக்கும்.

போல்ட்நட்டு:
நாலுக்கு நாலு மீட்டர், சுற்றிலும் கம்பி கட்டிய காங்கிரீட், மேலே காங்கிரீட் பலகை, கதவு உள்பக்கம் தாழ். மற்ற நாளில் நெல் மூட்டை போட்டுக்கொள்ளலாம். பத்து குடும்பம் நெருக்கி நிற்கும். வெள்ள நாடு என்பதால் தரையைத் தோண்டக் கூடாது, மேடு கட்டி வைக்க வேண்டும். தகரத்தை மாற்றச் சொல்லி யாரையும் கேட்க முடியாது, ஆனால் ஆணிக்குப் பதில் வாஷர் வைத்த ஜே போல்ட் (J எழுத்து மாதிரி வளைந்த போல்ட்) போட்டால் பறக்கும் தகரமாவது குறையும்.

திருப்பூர்_டு_காஜிப்பூர்:
ஜே போல்ட் அங்கே கடையில் கிடைக்கிறது. காஜிப்பூர் கம்பெனி ஷெட் எல்லாம் அதில்தான் நிற்கிறது. கிராமத்துக்காரர்கள் ஆணி வாங்குவது எடை போட்டு, போல்ட் விற்பது எண்ணி.